ஒன்பது அங்குலமும் பதினொரு அங்குலமும்

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் என் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது இதுதான்: "நாலு வீலுக்கும் டிஸ்க் போட்டுத் தர முடியுமாண்ணா?" முடியும். போட்டும் கொடுத்திருக்கிறேன். ஆனால் உடனே தலையாட்டுவதில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, நான்கு டிரம்மையும் கழற்றி, உள்ளே இருப்பதை ஓனர் கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். கியர் ஆயில் ஊறிக் கறுத்த லைனிங், துரு ஏறி அசையாத வீல் சிலிண்டர், ஒரு வீலில் ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி. இதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டு, டிரம் பிரேக்கே லாயக்கில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். அந்த டிரம் ஒழுங்காக வேலை செய்து அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

என் பட்டறை கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. வேலை கற்றது பெருங்களத்தூரில். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ஓடிய காலத்தில் அங்கே ஃபிட்டராக இருந்துவிட்டு, 1988-ல் ஸ்டாண்டர்ட் 2000 காரோடு கம்பெனி கதை முடிந்ததும் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் சொந்தமாக ஷெட் போட்டவர் என் வாத்தியார். எஞ்சின் இறக்குவது, கியர்பாக்ஸ் பிரிப்பது எல்லாவற்றையும் பையன்களிடம் விடுவார். பிரேக்கை மட்டும் விடமாட்டார். "எஞ்சின் நின்னா தள்ளிக்கினு வந்துடலாம். பிரேக் புடிக்கலைன்னா யாருடா திரும்பி வந்து சொல்றது?" என்பார்.

எங்கள் பக்கம் வரும் ஜீப்புகளில் பெரும்பாலானவை மகிந்திராவின் சிஜே வரிசை. வில்லிஸ் ஜீப்பைப் பகுதி பகுதியாக வரவழைத்துக் கோத்து விற்று வண்டித் தொழிலில் இறங்கிய கம்பெனி அது. அமெரிக்காவில் 1953-ல் வந்த சிஜே-3பி, அங்கே 1968-ல் நின்றுபோன பிறகும் இங்கே வெகுகாலம் ஓடியது. மூக்கு உயர்ந்த அந்த பானெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாசில்தார் ஆபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் திரிசூலம், பல்லாவரம் கல்குவாரிகளிலும் நின்றது அதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம், 6.00-16 டயர், நான்கு வீலிலும் 9 அங்குல விட்டமும் 1¾ அங்குல அகலமும் உள்ள டிரம். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸிலும் இதே அளவுதான்.

அந்தக் காலத்துக்கு அது போதும். தார் ரோட்டில் 50, 60 கிலோமீட்டர் வேகம். காட்டுப் பாதையில் 15, 20. முன்னால் போகிற லாரிக்கும் அதே மாதிரி டிரம்தான். பிறகு என்ன ஆனது? பெட்ரோல் விலை ஏறியது. 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சினை இறக்கிவிட்டு, கிடைத்த டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். கம்பெனியே பி-275 டிராக்டருக்குச் செய்த டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்தது. பிறகு எம்எம்540-ல் பிஜோ டீசல் வந்தது. முன் ஆக்ஸில் மேல் சுமை கூடியது. பிள்ளைகள் 31 அங்குல டயர் மாட்டினார்கள். டயர் உயர்ந்தால் அதே பிரேக் ரோட்டில் காட்டும் பிடி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இப்போது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் 80-ல் போகிறார்கள். 40-ல் போகிற வண்டியை நிறுத்தும்போது டிரம் வாங்கிக்கொள்ளும் சூட்டைப் போல நான்கு மடங்கு சூடு 80-ல் வரும். முன்னால் போகிற காரிலோ, 2019 ஏப்ரலுக்குப் பிறகு செய்ததாக இருந்தால், கட்டாயம் ஏபிஎஸ் இருக்கும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த பஸ் எங்கே ஓரம் கட்டும் என்று சொல்ல முடிவதில்லை. முன்னால் இருப்பவன் நின்ற இடத்தில் நிற்கிறான். பின்னால் வருகிற ஜீப் 1950-களின் பிரேக்கை வைத்துக்கொண்டு அவனைத் துரத்துகிறது. ஆகவே மேம்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்தில்லை. எதை, எந்த வரிசையில் என்பதில்தான் பேச்சு.

டிரம் எப்படிப் பிடிக்கிறது என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது. 9 அங்குல பிரேக்கில் இரண்டு ஷூவும் அடியில் தனித்தனி ஆங்கர் பின்னில் நிற்கும். மேலே வீல் சிலிண்டர் இரண்டையும் வெளியே தள்ளும். வண்டி முன்னே போகும்போது, சுற்றுகிற டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். பின் ஷூவைத் தள்ளிவிடும். அதனால் முன் ஷூதான் அதிகம் உழைக்கும், அதில்தான் நீளமான லைனிங். ரிவர்ஸில் போனால் வேலை மாறிவிடும். குட்டை லைனிங்கின் தலையில் எல்லாம் விழும். ஏற்றத்தில் எஞ்சின் நின்று வண்டி பின்னால் உருளும்போது பிரேக் சோம்பலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பேய் பிசாசு இல்லை.

9 அங்குலத்துக்குப் பதிலாகப் போடும் 11 அங்குல டிரம்மில் ஸ்டார் வீல் வைத்த சர்வோ வகை உண்டு. அமெரிக்க சிஜே-க்களில் 1970-களில் வந்தது அதுதான். அதில் ஷூக்கள் அடியில் ஆங்கரில் நிற்பதில்லை; ஸ்டார் வீல் அட்ஜஸ்டர் இரண்டையும் இணைத்திருக்கும், ஆங்கர் மேலே ஒன்றுதான். முன் ஷூ டிரம்மோடு நகர்ந்து அட்ஜஸ்டர் வழியாகப் பின் ஷூவைத் தள்ளும். பின் ஷூதான் பெரும்பாரத்தைச் சுமக்கும். எனவே நீளமான லைனிங் பின்னால் போக வேண்டும். 9 அங்குலம் பார்த்துப் பழகிய கை, 11 அங்குலத்திலும் நீள லைனிங்கை முன்னால் மாட்டிவிடும். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வண்டி நிற்காது. வேறு பட்டறையில் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு "பெரிய டிரம் போட்டும் பிரயோஜனம் இல்லண்ணா" என்று வந்த ஒரு வண்டியில் நான் செய்தது நான்கு ஷூக்களை இடம் மாற்றியது மட்டுமே. கூலி வாங்கவே கூச்சமாக இருந்தது. வாங்கினேன்.

முதல் கட்ட வேலை, இருக்கிற பிரேக்கை அதன் முழு பலத்துக்குக் கொண்டுவருவது. இதில் பாதி நேரத்தைப் பின் ஹப்பே தின்றுவிடும். சிஜே-3பி-யின் பின் ஆக்ஸில் முனை கூம்பு வடிவம். அதன் மேல் ஹப் ஏறி, சாவி போட்டு, பெரிய நட்டால் இறுக்கியிருக்கும். ஹப்பும் டிரம்மும் ஒன்றாகத்தான் வரும். இருபது முப்பது வருஷம் கழற்றாமல் விட்டிருந்தால் இரண்டு இரும்பும் ஒன்றாகிவிட்டிருக்கும். காட்டர் பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல் நாலு மரையில் விட்டுவிட வேண்டும். பிறகு ஐந்து ஸ்டட்டிலும் புல்லரை மாட்டி, நடு போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் சம்மட்டியால் ஒரு போடு. வராது. இன்னும் கால் சுற்று இறுக்கு. இன்னொரு போடு. அப்போதும் வராவிட்டால் அப்படியே இறுக்கத்தில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். சில சமயம் ராத்திரி முழுக்க விட்டுவிடுவதும் உண்டு. விடுகிறபோது வெடி வெடித்த மாதிரி சத்தம் வரும். நட்டு அந்த நாலு மரையில் இல்லாவிட்டால் ஹப் பறந்து வந்து எதிரில் நிற்பவன் முழங்காலில் விழும். பொறுமை இல்லாதவர்கள் ஆக்ஸில் முனையிலேயே சுத்தியால் அடிப்பார்கள்; அந்த அடி உள்ளே பேரிங்கில் போய் இறங்கும். கேஸ் வெல்டிங் வைத்து ஹப்பைச் சிவக்கச் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

பழைய சிஜே-யில் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. இது தெரியாத பஞ்சர் கடைப் பையன் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிப்பான். இடது பக்கம் ஸ்டட் முறிந்து வரும் ஜீப்புகளைப் பார்த்தாலே எந்த ரோட்டில் பஞ்சர் ஆனது என்று கேட்கத் தோன்றும்.

டிரம் வெளியே வந்ததும் ஏர் கன் எடுத்து உள்ளே ஊதுவது முன்பெல்லாம் எல்லாப் பட்டறையிலும் வழக்கம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. என் ஷெட்டில் தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுவதுதான் முறை. புதுப் பையன்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே துடைக்கட்டும்.

அடுத்தது லேத். டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் பெடல் காலடியில் துடிக்கும். கோடு விழுந்திருந்தால் புது லைனிங்கைத் தின்றுவிடும். கட் போட்டுச் சரி செய்யலாம், ஆனால் விட்டத்தில் 60 தவ்வுக்கு மேல் எடுக்கக் கூடாது. புதுப்பேட்டையில் வாங்கும் பழைய டிரம்கள் ஏற்கெனவே யாரோ இரண்டு தடவை கட் போட்டவையாகத்தான் இருக்கும். அங்கே போகும்போது உள்காலிப்பர் என் பையில் இருக்கும். கடைக்காரர் "என்ன சார், டாக்டர் மாதிரி வந்திருக்கீங்க" என்பார். அளந்து பார்த்து நான் ஒதுக்கி வைப்பதை மறுபடி அடுக்கில் மேலேயே வைப்பார், அடுத்து வருபவருக்காக.

லைனிங்குக்கு நம் ஊருக்குக் குறைச்சல் இல்லை. பிரேக் விஷயத்தில் சென்னை சாதாரண ஊர் அல்ல. பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரில் 1964-ல் ராணே பிரேக் லைனிங், மறுபடி பாடியில் 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று நாட்டுக்கே பிரேக் செய்து அனுப்பும் ஊர் இது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் நல்ல லைனிங் கிடைக்கும். அதைப் பழைய ஷூவில் ரிவெட் அடித்து ஏற்றுவதில்தான் கைவேலை. நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் அடித்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, பெடலுக்குத் தெரியும். பஞ்சு மேல் மிதிப்பதுபோல் அமுங்கும். ஏர் பிடித்திருக்கிறது என்று நினைத்து நாள் முழுக்க ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்குப் பிறகு வருவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கட் போட்ட டிரம்மின் வளைவு பெரிதாகிவிட்டது. புது லைனிங்கின் வளைவு பழைய அளவுக்குத்தான் இருக்கிறது. இரண்டும் முழுக்கப் படியாது. டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி, ஷூவை வைத்து முன்னும் பின்னும் அசைத்து எடுத்துப் பார்த்தால், லைனிங்கின் நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஒட்டியிருக்கும். மீதி கறுப்பாகவே இருக்கும். அதாவது நாம் காசு கொடுத்து வாங்கிய லைனிங்கில் கால்வாசிதான் வேலைக்கு வந்திருக்கிறது. எமரித் தாளை டிரம்முக்குள் ஒட்டி, ஷூவை அதில் தேய்க்கத் தேய்க்க வெள்ளை பரவும். நுனியிலிருந்து நுனி வரை பரவும் வரை விடமாட்டேன். தேய்க்கும்போதும் தண்ணீர் தொட்டுத்தான். ஒரு ஷூவுக்கு ஒரு பையனின் காலை நேரம் போய்விடும். கடைசியில் ஆங்கர் பின்னைத் திருப்பி அடியைச் சரிசெய்து, மேலே கேமைத் திருகி, சக்கரம் லேசாக உரசும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் தளர்த்தினால், அந்த ஒன்பது அங்குலம் ஓனரை ஆச்சரியப்படுத்தும். டிஸ்க் கேட்டு வந்தவர்களில் சிலர் இதோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்குள் 50-ல் ஓட்டுபவருக்கு இதற்கு மேல் தேவையில்லை.

டிரம்முக்கு ஒரு பெரிய எதிரி தண்ணீர். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் புகுந்தபோது உயரமான வண்டிகளைத்தான் தேடினார்கள். பழைய ஜீப்புகள் ஆட்களையும் பால் பாக்கெட்டையும் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் போய் வந்தன. எஞ்சின் தாங்கியது. பிரேக் தாங்கவில்லை. டிஸ்க் சுற்றும்போது தண்ணீரை உதறிவிடும். டிரம் குடம் மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒரு நீர்ப்படலம் நிற்கும்போது பெடலை மிதித்தால் ஒன்றுமே நடக்காது. தண்ணீரிலிருந்து ஏறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை லேசாக அழுத்தி வைத்து, சூட்டில் உலர்த்தியாக வேண்டும். அதைவிட மோசம், இந்த ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் காலுக்கடியில் சேசிஸோடு கிடக்கிறது. தண்ணீர் அதற்கு மேலே நின்றால், மூடித் துவாரம் வழியாக உள்ளே இறங்கும். பிரேக் ஆயில் இயல்பாகவே ஈரத்தை இழுக்கும் பொருள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவுகோல் 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்த வண்டிகளில் நான் திறந்து பார்த்த வீல் சிலிண்டர்களில் ஆயில் காபி நிறத்தில் இருந்தது. சுவரெல்லாம் துருப் புள்ளி. ஹோன் போட்டால் போகிற புள்ளியா, கையைக் கிழிக்கிற பள்ளமா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தே பிரித்தோம். அடையாற்றங்கரைப் பகுதிகளில் ஜீப் வைத்திருப்பவர்களிடம் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்னாலும் ஆயிலை மாற்றச் சொல்வது அதனால்தான். நிறைய பேர் கார்த்திகையில் வருவார்கள்.

இரண்டாவது கட்டம்தான் தலைப்பில் சொன்னது. 9 அங்குல டிரம்மை எடுத்துவிட்டு 11 அங்குலம், 2 அங்குல அகலம். லைனிங் உரசும் பரப்பு ஒரு டிரம்முக்கு சுமார் 49 சதுர அங்குலத்திலிருந்து 69-க்கு உயர்கிறது. ஆரம் நாலரையிலிருந்து ஐந்தரை ஆவதால், அதே அழுத்தத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிடி கூடும். டிரம்மில் இரும்பும் அதிகம். சூட்டை வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும் என்பதால், மலை இறக்கத்தில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவதை எல்லா ஜீப்காரரும் பார்த்திருப்பார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவை இறங்கி வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெரிய டிரம்மில் அது வெகுவாகக் குறையும்.

முன் ஆக்ஸிலில் பேக் பிளேட் ஆறு போல்ட்டில் நிற்கிறது. பின்னால் வந்த வண்டிகளின் பிளேட் பெரும்பாலும் அதே துளையில் உட்காரும். ஆனால் "பெரும்பாலும்" என்பதை நம்பி வாங்கிவிடக் கூடாது. பிளேட் ஒரு நூல் உள்ளே தள்ளி நின்றாலும் டிரம் உதடு பிளேட்டில் உரசும். வெளியே தள்ளி நின்றால் அந்த இடைவெளியில் சேறு போகும். பிளேட், ஷூ, டிரம், ஹப் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுப்பதுதான் நல்லது. 16 அங்குல ரிம்முக்குள் 11 அங்குல டிரம் தாராளமாக நுழையும். அழகுக்காக வேறு ரிம் போட்டவர்கள் முதலில் ரிம்மை மாட்டிப் பார்த்துவிட்டு மற்றதற்குக் காசு கொடுக்கட்டும்.

செலவு கருதிப் பின்னால் மட்டும் பெரிய டிரம் போடச் சொல்பவர்கள் உண்டு. செய்ய மாட்டேன். பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிறது. 80 அங்குல வண்டியில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால், ஈர ரோட்டில் வண்டி தன்னைத்தானே திருப்பிக்கொள்ளும். கம்பெனியே பழைய வில்லிஸில் முன்னால் 1 அங்குல வீல் சிலிண்டரும் பின்னால் முக்கால் அங்குலமும் வைத்ததற்குக் காரணம் அதுதான். ஒன்று மட்டும்தான் முடியும் என்றால் முன்னால் போடலாம்.

டிரம்மை விட நான் அவசரம் என்று சொல்வது மாஸ்டர் சிலிண்டர். பழைய ஜீப்பில் ஒரே அறை; நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். அமெரிக்காவில் 1960-களின் கடைசியிலேயே கார்களுக்கு இரட்டை அறையைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். டேண்டம் சிலிண்டர் போட்டு முன்னால் ஒரு வழி, பின்னால் ஒரு வழி என்று பிரித்தால், ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். இதில் துளை அளவைக் கவனிக்க வேண்டும். 1 அங்குலத்திலிருந்து ⅞-க்குக் குறைத்தால் அதே மிதிக்கு அழுத்தம் 30 சதவீதம் கூடும். ஆனால் பெடல் அந்த அளவுக்கு ஆழமாக இறங்கும். பெடல் மேலேயே நிற்க வேண்டும் என்று பெரிய துளை போட்டால் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. கார் டிஸ்க்குக்கான மாஸ்டரை அப்படியே டிரம்முக்கு மாட்டினாலும் தொல்லை. பழைய மாதிரி டிரம் லைனில் காலை எடுத்த பிறகும் 10 பிஎஸ்ஐ அளவுக்கு மிச்ச அழுத்தம் நின்றால்தான் வீல் சிலிண்டர் கப்பின் உதடு சுவரை ஒட்டி நிற்கும். இல்லாவிட்டால் அது காற்றை உறிஞ்சும். டிஸ்க்கில் அவ்வளவு அழுத்தம் நின்றால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் நடக்கும் கூத்துகள் ஏராளம்.

குழாயில் ஒரு வார்த்தை. செம்புக் குழாயை வளைப்பது சுலபம் என்று ஏ.சி. வேலைக்காரரிடம் வாங்கிப் போடுவார்கள். அதிர்வில் செம்பு இறுகி, ஒரு நாள் ஃப்ளேர் ஓரத்தில் வட்டமாக விரிசல் விடும். இரும்பு பண்டிக் குழாய், இரட்டை ஃப்ளேர். வேறு எதுவும் என் ஷெட்டில் கிடையாது.

பூஸ்டர் கேட்பவர்களிடம் எஞ்சின் எது என்று கேட்பேன். பெட்ரோல் எஞ்சின் என்றால் மேனிஃபோல்டிலேயே வாக்குவம் உண்டு. டீசலில் இல்லை, ஆல்டர்னேட்டர் முதுகில் வாக்குவம் பம்ப் உள்ளதாகப் போட வேண்டும். முன் டிஸ்க் போடுவதானால் பூஸ்டர் இல்லாமல் முடியாது. டிரம்மைப் போல டிஸ்க் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளாது. எல்லா அழுத்தமும் காலிலிருந்துதான் வர வேண்டும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று பொலிரோவிலும் தாரிலும் கம்பெனி செய்ததைத்தான் நானும் சிபாரிசு செய்வேன். அதற்கு மாஸ்டர், பூஸ்டர், பெடல் எல்லாம் அந்த வண்டியினுடையதாகவே வர வேண்டும். டிஸ்க்கை மட்டும் வாங்கிவந்து மற்றதைப் பழையதோடு ஒட்டவைக்கச் சொன்னால், வேறு பட்டறை பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுபவருக்கும் மலைப்பக்கம் சுமை ஏற்றுபவருக்கும் டிஸ்க் நியாயமான செலவு. ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போய்த் திரும்புபவருக்கு டேண்டமும் 11 அங்குலமும் ஏராளம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தாம்பரம் ஆர்.டி.ஓ.வில் பதிவைப் புதுப்பிக்கப் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது பிரேக் பிடிக்கிறதா என்றுதான். நன்றாகப் பிடித்தால் அவர் முகத்தில் தெரிந்துவிடும். 2021-ல் 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. 'விஏ' எழுத்தோடு பதிவெண் கொடுக்கிறார்கள். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது, அன்றாடம் ரோட்டில் ஓட்டவும் கூடாது. 1970-க்குச் சற்றுப் பின்னே வந்த சிஜே-க்கள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. அந்தப் பதிவுக்கு ஆசைப்படுபவர்களிடம் ஃபயர்வாலை வெட்டி பூஸ்டருக்கு இடம் செய்ய வேண்டாம் என்று சொல்வேன். தரைக்கடியில் அதே இடத்தில் டேண்டம் உட்கார்த்திவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சோதனை ஓட்டம் அகரம்தென் பக்கம். மனை போட்டுக் கல் நட்டு, வீடு எழும்பாத லே-அவுட் ரோடுகள் அங்கே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. முதலில் 20-ல் ஸ்டியரிங்கைத் தளரப் பிடித்துக்கொண்டு பிரேக். இடது பக்கம் இழுத்தால் வலது சக்கரம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எல்லோரும் இழுக்கிற பக்கத்தைத்தான் பிரிக்கப் போவார்கள். பிறகு 40. பிறகு ரோட்டில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு அதன் மேல். புது லைனிங் படிய இருநூறு, முன்னூறு கிலோமீட்டர் ஆகும். அதற்குள் அவசர பிரேக் போட்டுப் பார்த்து நண்பர்களுக்குக் காட்டினால் லைனிங் மேல் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறிவிடும். இதை எழுதியே கொடுத்தாலும் கேட்காதவர்கள் உண்டு. ஹேண்ட் பிரேக்கையும் அப்போதே சொல்லிவிடுவேன். சிஜே-யில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கும் சின்ன டிரம். நிற்கிற வண்டியைப் பிடித்து வைக்க மட்டும்தான். ஓடும்போது இழுத்தால் அந்த முறுக்கு முழுதும் கிரவுன் பல்லிலும் ஆக்ஸிலிலும் போய்ச் சேரும்.

இப்போது ஷெட்டில் ஒரு ஜோங்கா நிற்கிறது. ஜபல்பூரில் 1969 முதல் ராணுவத்துக்காகச் செய்த நிஸான் வண்டி. கிட்டத்தட்ட நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஏலத்தில் எடுத்தவர் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர். வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது, "டிரம்மாவே இருக்கட்டும், ஆனா நிக்கணும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். டிரம்கள் நல்ல கனம், கட் போடக்கூட வேண்டாம். வீல் சிலிண்டர் கப்புதான் எங்கும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் இல்லை, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பெட்டி அகப்பட்டது, ரப்பர் தொட்டதும் உதிர்ந்தது. கிண்டி எஸ்டேட்டில் சிலிண்டரைக் குடைந்து பித்தளை ஸ்லீவ் இறக்கி, கடையில் தாராளமாகக் கிடைக்கும் கப்பின் அளவுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நான்கு வீலுக்கும் ஒரே கையால், ஒரே நாளில் குடைய வேண்டும் என்று லேத்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.